போன் பென்டிரைவ் அல்ல

கேபிளின் ஒரு முனையைப் போனிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகியாயிற்று. சார்ஜ் ஏறுகிறது. ஆனால் கணினித் திரையில் ஒரு படத்தையும் காணோம். பலரும் இந்த இடத்தில்தான் முயற்சியைக் கைவிடுகிறார்கள். போன் பழுது என்பார் ஒருவர்; கணினியில் வைரஸ் என்பார் இன்னொருவர். கடைசியில் படங்களை வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக் கணினியில் இறக்கிக்கொள்வார்கள். அப்படிச் சாதாரணமாக அனுப்பும் படங்களை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். அச்சுக்குக் கொடுத்த படம் மங்கலாக வந்த பிறகே அது தெரியவரும்.

பெரும்பாலும் போனிலும் கோளாறு இல்லை, கணினியிலும் கோளாறு இல்லை. போனை நாம் பென்டிரைவாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். பென்டிரைவ் செருகியவருக்கெல்லாம் திறந்துகொள்ளும். போன், உரியவர் சம்மதிக்கும்வரை திறக்காது. இது புரிந்தால் மற்றவை எளிது.

ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் போலத்தான் நடந்துகொண்டன. கணினியில் இணைத்தால் மெமரி கார்டு முழுவதும் கணினியின் வசம் போய்விடும். இணைப்பு இருக்கும்வரை போனால் அந்தக் கார்டைத் தொட முடியாது. பாதியில் கேபிளைப் பிடுங்கினால் கார்டில் உள்ளவை கெட்டுப்போகவும் கூடும். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இந்த முறையை மாற்றியது. எம்.டி.பி. என்ற நெறிமுறை அதில் இடம்பெற்றது. பாட்டு கேட்கும் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய இதை, யுஎஸ்பி தரங்களை வகுக்கும் அமைப்பு 2008இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. நூலகத்தில் வாசகர் அலமாரிக்குள் புகுந்து எடுப்பதற்கும், நூலகரிடம் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இரண்டு முறைகளுக்கும். எம்.டி.பி.யில் கணினி கேட்கும், போன் எடுத்துக் கொடுக்கும்.

அதனால்தான் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறக்க நேரமாகிறது. பட்டியல் முழுவதும் வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு மறுபடி மறுபடி சொடுக்கினால் இன்னும் தாமதமாகும். போனில் உள்ள வீடியோவை அங்கே வைத்தே வெட்டித் திருத்தவும் முயல வேண்டாம். முதலில் கணினிக்கு நகலெடுத்து, அந்த நகலில் வேலை செய்யுங்கள்.

இனி சம்மதம் தரும் முறை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கணினியில் இணைத்ததும் போன் சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். முன்பின் தெரியாத கணினி உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. முதலில் போனின் பூட்டைத் திறங்கள். திரையை மேலிருந்து கீழாக இழுத்தால், யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்ற அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில போன்கள் இணைத்தவுடனே அனுமதி கேட்கும். அப்போது ‘அலோ’ கொடுத்தால் போதும். விண்டோஸ் கணினியில் ‘திஸ் பிசி’க்குள் போனின் பெயர் வந்துவிடும். ‘யுஎஸ்பி டீபக்கிங்’ என்றொரு அமைப்பை இயக்கச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். அது செயலி உருவாக்குபவர்களுக்கானது. கோப்பு மாற்ற அது தேவையே இல்லை.

அறிவிப்பே வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள், தரவுக்கு இரண்டு கம்பிகள் உண்டு. மலிவான சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. சார்ஜ் ஏறுவதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். வேறு கேபிளையும், கணினியின் வேறு போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

வேகத்தை முனையின் வடிவம் தீர்மானிப்பதில்லை. டைப்-சி முனை கொண்ட பல கேபிள்கள் இன்னமும் யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் இயங்குகின்றன. அதன் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட். அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். பெரிய வீடியோ ஒன்றைவிட, அதே அளவுள்ள நூற்றுக்கணக்கான சிறு படங்கள் போய்ச்சேர அதிக நேரம் பிடிக்கும்.

கேமராவில் எடுத்த படங்கள் ‘டிசிஐஎம்’ ஃபோல்டருக்குள் ‘கேமரா’ என்ற இடத்தில் இருக்கும். இறக்கிய கோப்புகள் ‘டவுன்லோட்’ ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவற்றைத்தான் பலரும் கண்டுபிடிக்கத் திணறுகிறார்கள். புதிய போன்களில் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப்பின் பெயருள்ள ஃபோல்டர் என்று இறங்கிப் போக வேண்டும்.

இங்கே ஒரு விதியை எப்போதும் கடைப்பிடியுங்கள்: ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டுமே. நகர்த்தும்போது இணைப்பு அறுந்தால் கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகும் ஆபத்து உண்டு. நகலெடுத்த பின் இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். சில படங்களையும் ஒரு வீடியோவையும் கணினியில் திறந்து பாருங்கள். அதன் பிறகே போனிலிருந்து அழியுங்கள்.

ஐபோனை இணைத்தால், இந்தக் கணினியை நம்பலாமா என்று அது கேட்கும். ‘டிரஸ்ட்’ கொடுத்துக் கடவுச்சொல்லை இட்டால் விண்டோஸில் படங்களும் வீடியோக்களும் தெரியும். நகலெடுக்கும்போது பாதியில் பிழைச்செய்தி வந்தால், ஐபோனின் செட்டிங்ஸில் ‘ஃபோட்டோஸ்’ பகுதிக்குப் போய், கணினிக்கு மாற்றும் முறையை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றுங்கள். படங்களைப் போகிறபோக்கில் வடிவம் மாற்ற முயல்வதே பல நேரம் அந்தப் பிழைக்குக் காரணம். ஐகிளவுடில் இடம் மிச்சப்படுத்தும் வசதியை இயக்கியிருந்தால், மூலப்படங்கள் பல போனிலேயே இருக்காது. அவை கணினியிலும் தெரியாது.

நாலைந்து கோப்புகள்தான் என்றால் கேபிள் தேவையில்லை. ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் கூகுளின் ‘குவிக் ஷேர்’ இருக்கிறது. ஐபோன், மேக், லினக்ஸ் என எல்லாவற்றிலும் இயங்கும் ‘லோக்கல்சென்ட்’ இலவசமாகக் கிடைக்கிறது. லோக்கல்சென்டுக்குப் போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு போனை மேக் கணினியுடன் கேபிளில் இணைப்பவர்களுக்கு மட்டும் ‘ஓபன்எம்டிபி’ போன்ற தனிச் செயலி வேண்டும்.

கடைசியாக, பிறர் கணினி. ஜெராக்ஸ் கடையிலோ ஸ்டூடியோவிலோ போனை இணைத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ கொடுத்தால், ஒரு படத்துக்காகப் போனில் உள்ள எல்லாப் படங்களையும் ஆவணங்களையும் திறந்துவிடுகிறீர்கள். தேவையான கோப்பை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், கிளம்பும் முன் உங்கள் போனின் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதியில் அதைத் துண்டித்துவிடுங்கள். பொது இடச் சார்ஜிங் முனைகள் வழியாகத் தரவு திருடுபோகலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியும் 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் எச்சரித்திருக்கிறது. அத்தகைய இடங்களில் போன் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

குழந்தையின் முதல் நடை, அம்மாவின் பேச்சு, நிலப் பத்திரத்தின் படம் என எல்லாம் இன்று ஒரே போனில் கிடக்கின்றன. போன் தொலையும், தண்ணீரில் விழும், ஒருநாள் திரை இருண்டுபோகும். ஒரு நல்ல கேபிளும் ஓய்வான ஒரு மாலையும் இருந்தால் அவற்றுக்கெல்லாம் இன்னொரு நகல் உண்டாகிவிடும். அந்த வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களின் போனுக்கும் சேர்த்துச் செய்துகொடுங்கள்.