தப்பியவர் கூறும் நன்றி

ஆண்டின் கடைசி நாள் இரவில் நம் கடற்கரைக் கோயில்களில் நன்றி வழிபாடு நடைபெறுவது வழக்கம். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் முதல் இடிந்தகரை வரை, ஊர் முழுவதும் திரண்டு நின்று கடந்த ஆண்டிற்காக இறைவனைப் போற்றுகிறது. நன்றியறிதல் நன்று, அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் நாம் எக்காரணங்களுக்காக நன்றி கூறுகிறோம் என்பதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் நெஞ்சம் துணுக்குறுகிறது.

"அந்தப் பேருந்தில் நான் ஏறியிருக்க வேண்டும், ஆண்டவர் என்னைத் தடுத்துக் காப்பாற்றினார்." "அடுத்த வீட்டிற்கு வந்த நோய் நம் வீட்டிற்குள் வரவில்லை, மாதாவுக்கு நன்றி." இத்தகைய சாட்சியங்களைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம். அந்தப் பேருந்தில் ஏறியவர்களைப் பற்றி எவரும் வினவுவதில்லை. அடுத்த வீட்டார் அதே வரிசையில் மண்டியிட்டிருக்கிறார்களே என்ற நினைவும் நமக்கு வருவதில்லை.

இந்த மனப்போக்கு பெருந்துயர்க் காலத்தில் எவ்வளவு கொடிதாக மாறும் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. குமரி மாவட்டத்தில் குளச்சல், மணக்குடி முதலிய ஊர்கள் சிதைந்தன. நம் தூத்துக்குடிக் கரையிலோ உயிரிழப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. உடனே ஒரு பேச்சு எழுந்தது: "நம் மக்களின் பக்தியைப் பார்த்து ஆண்டவர் நம்மைக் காத்தார்." அப்பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

நம்மை அன்று காத்தது எது? கிழக்கிலிருந்து பாய்ந்து வந்த அலையை இலங்கைத் தீவு தன் மார்பில் ஏற்றுக்கொண்டது. மன்னார் வளைகுடாவில் உள்ள நம் கரை அத்தீவின் மறைவில் இருந்தது. தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்து சென்ற அலையே குமரிக் கரையைத் தாக்கியது. இலங்கையில் இறந்தோர் 30,000க்கும் மேற்பட்டோர். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் மாண்டவர்கள் நம் மொழி பேசும் மக்கள். அவர்களது நிலம் நமக்கு அரணாயிற்று. அவர்களது பிணங்களுக்கு அப்பால் நின்று நாம் நம் பக்திக்குக் கிடைத்த பரிசைப் பற்றிப் பேசினோம்!

குளச்சலில் மாண்டவர்கள் பக்தி குறைந்தவர்களா? 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்தாம் 1544இல் அக்கரையோர மக்களுக்கும் திருமுழுக்கு அளித்தார். வேளாங்கண்ணிக் கடற்கரையில் மடிந்த திருப்பயணிகள் அன்னையைக் காண வந்தவர்கள் அல்லரோ? ஆலயத்தினுள் கடல் புகவில்லை என்பதைச் சிலர் அற்புதமாகப் பறைசாற்றினர். அதே கரையில் பிள்ளையை இழந்து நின்ற தாயின் செவியில் அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும்? கட்டடத்தைக் காத்துக் குழந்தையைக் கைவிடும் கடவுளையா நாம் அறிவிக்கிறோம்?

நற்செய்தியில் ஒரு மனிதர் நன்றி கூறுகிறார். ஆண்டவர் அந்த நன்றியை ஏற்பதில்லை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் கோவிலில் நின்று வேண்டும் பரிசேயர் அவர். அவர் தமக்கு எதையும் கேட்கவில்லை, முணுமுணுக்கவுமில்லை, நன்றிதான் கூறினார். ஆனால் தாம் மற்றவரைப் போல் இல்லை என்பதற்காக நன்றி கூறினார். அவர் வீடு திரும்பியபோது இறைவனுக்கு ஏற்புடையவராகத் திரும்பவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துக் கூறும் நன்றி இறைவனிடம் செல்வதில்லை. அது தன்னையே சுற்றி வருகிறது. அதே நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் எருசலேமின் மற்றக் குடிகளைவிடப் பெரும் குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று அவரே விடையும் தருகிறார். இறந்தவர் கூடுதலான பாவிகள் அல்லர் என்றால், பிழைத்தவரும் கூடுதலான புனிதர் அல்லர்.

"அப்படியானால் நலம் பெற்றவன் நன்றி கூறலாகாதா? கடலுக்குப் போனவன் கரை சேர்ந்ததும் சிலுவை அடையாளம் வரைவது தவறா?" என்று சிலர் கேட்கலாம். தவறன்று. குணம் பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் திரும்பி வந்த ஒருவரை ஆண்டவர் பாராட்டினார் அன்றோ? அவர் தாம் பெற்ற நலத்துக்காகத் தாள் பணிந்தார். குணமடையாத தொழுநோயாளரைச் சுட்டிக்காட்டி, "என்னை நீர் தேர்ந்தெடுத்தீர்" என்று கூறவில்லை. கொடைக்கு நன்றி கூறுவது வேறு. பிறருக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்ததற்காக நன்றி கூறுவது வேறு. முன்னது செபம், பின்னது செருக்கு.

எனில், கிறிஸ்தவர் இறைவனுக்கு நன்றி கூறுவதற்கான காரணங்கள் யாவை? திருச்சபை அவற்றை ஒவ்வொரு திருப்பலியிலும் நமக்குக் கற்பிக்கிறது. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி கூறல் என்பதாகும். குருவானவர் ஆண்டவருக்கு நன்றி செலுத்த அழைக்கிறார். அது தகுதியும் நீதியும் என நாம் விடையிறுக்கிறோம். அதனைத் தொடரும் தொடக்கவுரைகளைக் கருத்தூன்றிக் கேளுங்கள். படைப்பு, மனுவுருவாதல், சிலுவை, உயிர்ப்பு, தூய ஆவியாரின் வருகை என்பனவே அங்குக் கூறப்படும் காரணங்கள். அவற்றுள் ஒன்றேனும் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்கப்பட்டதா? தப்பியவரும் மாண்டவரும், கரையில் நிற்பவரும் கடலில் அமிழ்ந்தவரும் சேர்ந்து கூறத்தக்க நன்றி அது. இந்நன்றியை ஆண்டவர் நிறுவியதும் ஆபத்திலிருந்து தப்பிய நாளில் அன்று. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து நன்றி கூறினார். மறுநாள் அவர் தப்பவில்லை.

புன்னைக்காயலின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. இக்கரைக்குப் பொறுப்பாயிருந்த அந்தோனியோ கிரிமினாலி அடிகள் 1549இல் வேதாளையில் படையெடுப்பு நேர்ந்தபோது கிறிஸ்தவர்களைப் படகேற்றிவிட்டுத் தாம் கரையில் நின்று கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற அன்றீக் அன்றீக்கசு அடிகளார் 1600இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக் காலம் இக்கரைக்கே உழைத்தார். 1550ஐ ஒட்டிய ஆண்டுகளில் புன்னைக்காயலில் ஏழை நோயாளருக்கென மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தினார். 1578இல் கொல்லத்தில் அவரது 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது; அதற்குப் பரதவ மக்கள் பொருள் ஈந்தனர். 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது; அது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாக அறிஞர் பலர் கொள்வர். தாங்கள் பெற்ற விசுவாசத்துக்கு அம்மக்கள் காட்டிய நன்றி சாட்சியமாக அன்று, நோயாளியின் கட்டிலாகவும் பிறர் கையில் சேரும் நூலாகவும் வடிவெடுத்தது. போர்த்துக்கீசரை இக்கரைக்கு இழுத்தது முத்து. அந்த முத்துக்குளிப்பு 1961உடன் முடிந்தது. முத்துக்காகவே நன்றி கூறியிருந்தால் நம் கோயில்களின் கதவுகளையும் அன்றே அடைத்திருக்க வேண்டும்.

2004இல் கடல் நம்மை விட்டுச் சென்றது. 2023இல் ஆறு விடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் அண்டை ஊராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஏரலை மூழ்கடித்தது; கழிமுகத்திலுள்ள புன்னைக்காயலையும் வெள்ளம் சூழ்ந்தது. நம் பக்தி இடைப்பட்ட 19 ஆண்டுகளில் குறைந்துவிட்டதா? வெள்ளம் ஏறாத மேட்டுநிலத்து ஊரார் நம்மைப் பார்த்து, "எங்களை ஆண்டவர் காத்தார்" என்று சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? நல்லவேளை, பலர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சோறும் பாயும் மாற்றுத்துணியும் கொண்டு வந்தார்கள். அதுதான் தப்பியவர் கூறத்தக்க நன்றி.

ஆகவே இவ்வாண்டின் இறுதி இரவில் நன்றி கூற எழும் ஒவ்வொருவரும் தம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: நான் கூறப்போகும் இச்சொற்களை, இவ்வாண்டு கணவனைக் கடலுக்குக் கொடுத்த கைம்பெண் என் அருகில் மண்டியிட்டு, என்னோடு சேர்ந்து கூற முடியுமா? முடியுமெனில் உரக்கக் கூறுங்கள். அது தகுதியும் நீதியுமாகும். முடியாதெனில் வாய்மூடி இருங்கள். வழிபாடு முடிந்ததும் அவள் வீட்டுக்குச் செல்லுங்கள்.