பிரேசில் மீது பழி போடாதீர்கள்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பெரிய பதவியில் இருப்பவர்களிடம் பிரேசில் என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று குறைகள் வந்துவிடும். அங்கே ஒருவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. வரி ஒரு பெரிய காடு. ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் சட்டம் நம் கழுத்தைப் பிடிக்கும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் இதே பாட்டை மறுபடியும் கேட்டேன். பாடியவர் என் மகன் வயதுக்காரர். "அது வேஸ்ட் மார்க்கெட் சார், விட்டுட்டு வந்துட்டோம்" என்றார். பந்தியில் உட்கார்ந்து சண்டை போடக்கூடாது என்று பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சண்டையை இங்கே போடுகிறேன்.

எனக்கு இதில் பேச என்ன யோக்கியதை என்று கேட்டால், 2008 ஆகஸ்டில் மூன்று வாரம் சாவோ பாலோவில் இருந்தேன். அப்போது நான் கணக்குத் துறையில் வேலை பார்த்த கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) அங்கே நாலு பேர் கொண்ட ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. அதை முப்பது பேராக வளர்க்க வேண்டும். வியாபாரத் தலைவர், ஆள் எடுக்கும் துறைக்காரர், செலவுக் கணக்குப் போட நான் என்று மூன்று பேரை அனுப்பினார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, துபாய் வழியாகப் போய் குவாருலோஸ் விமான நிலையத்தில் இறங்கினோம். துபாயிலிருந்து மட்டுமே பதினாலு மணி நேரத்துக்கு மேல். என் முழங்கால் அதை இன்னும் மறக்கவில்லை.

முதலில் மொழியைப் பார்ப்போம். இருபது கோடிப் பேர் வாழும் நாடு. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாஷை இருப்பது நமக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டது போல நம் ஆட்கள் பேசுவார்கள். ஜப்பானுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால் சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ்ஸில் சேர்த்து ஜப்பானிய மொழி படிக்க வைக்கிறார்கள், பணமும் கட்டுகிறார்கள். பிரேசிலுக்கு என்றால் மட்டும் கை சுருங்கிவிடும். எங்கள் மூவரில் ஒருவருக்கும் போர்த்துகீசியம் தெரியாது. அங்கே வெளிநாட்டுக் காகிதம் எதுவானாலும் அரசுப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு மொழிபெயர்த்துத் தந்தால்தான் அலுவலகங்களில் செல்லும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கட்டணம். அந்தப் பில்களைப் பார்த்தவன் நான். அந்தப் பணத்தில் நாலு பேரை ஒரு வருஷம் வகுப்புக்கு அனுப்பியிருக்கலாம்.

அப்படி ஒன்றும் நமக்கு அந்நியமான பாஷையும் இல்லை. ஹோட்டல் அறையில் பணிப்பெண் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார்: மேசா, ஜனேலா, அர்மாரியு, ஷாவி. மேசை, ஜன்னல், அலமாரி, சாவி! நம் வீட்டுச் சாமான்களில் பாதிக்கு அவர்கள்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 1679லேயே அம்பலக்காட்டில் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சாகிவிட்டது. பாதிரியார்கள் ஓலைச்சுவடியை வைத்துக்கொண்டு நம் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். லேப்டாப்பும் இணையமும் வைத்திருக்கும் நம் மேனேஜர்களால் அவர்கள் பாஷையில் காலை வணக்கம் சொல்ல முடியவில்லை.

இதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்று. எங்கள் வியாபாரத் தலைவர் கொண்டுவந்த படக்காட்சியின் சாரம், "உலகத்தரமான கம்ப்யூட்டர் அறிவை உங்களுக்குக் கொண்டுவருகிறோம்" என்பது. அதை ஒரு வங்கிக்காரர்கள் முன்னால் போட்டார். பிரேசில் வங்கிக்காரர்களிடம்! 1993ல் அந்த நாட்டில் விலைவாசி ஒரே வருஷத்தில் 2000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1994 ஜூலையில் ரெயால் நாணயம் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு செக் ஒருநாள் தாமதமானால் அதன் மதிப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும். அதனால் எண்பதுகளிலேயே வங்கிகள் கம்ப்யூட்டரை வைத்து ராவோடு ராவாகக் கணக்குத் தீர்த்தன. இட்டாவ் வங்கி 1979லேயே இட்டாவ்டெக் என்று சொந்தமாகக் கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கிவிட்டது. வெளியூர் செக்கைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் பாஸ்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். அந்த நாம்தான் அவர்களுக்கு வகுப்பெடுக்கப் போனோம். 1997லிருந்து அவர்கள் வருமான வரிக் கணக்கை இணையத்தில் அனுப்புகிறார்கள். 1996ல் மின்னணு ஓட்டு எந்திரம் கொண்டுவந்து 2000ல் நாடு முழுவதும் அதிலேயே உள்ளாட்சித் தேர்தல் நடத்தினார்கள். நாம் முழு மக்களவைத் தேர்தலையும் எந்திரத்தில் நடத்தியது 2004ல்.

லுவா என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. போர்த்துகீசியத்தில் நிலா என்று அர்த்தம். 1993ல் ரியோ டி ஜனைரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் செய்தது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலும், பெரிய பெரிய மென்பொருள்களின் உள்ளேயும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கில் புரோகிராமர்களை வைத்திருக்கும் நாம் உலகத்துக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் மொழி எது என்று கல்யாணப் பந்தி நண்பர் யோசித்துச் சொல்லட்டும்.

வரி விஷயம் சிக்கலானதுதான், மறுக்கவில்லை. 26 மாநிலங்களும் தலைநகர வட்டாரமும் ஆளுக்கொரு விகிதத்தில் சரக்கு வரி, நகராட்சி வாங்கும் சேவை வரி 2 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் மத்திய அரசின் வரிகள். ஆனால் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இதற்காக அழுவது, மழை பெய்கிறதே என்று குடைக்கடைக்காரர் அழுவது போல இருக்கிறது. கணக்கு எவ்வளவு சிக்கலோ அவ்வளவு சாஃப்ட்வேர் விற்கலாமே! உள்ளூர் ஆட்கள் அதைத்தான் செய்தார்கள். 2006லிருந்து அங்கே மின்னணு ரசீது வந்துவிட்டது. நமக்கு ஜிஎஸ்டியில் அது வந்தது 2020ல். இப்போது 2026ல் தொடங்கி 2033க்குள் பழைய வரிகளை மாற்றிப் புதிய முறைக்குப் போகிறார்கள். எத்தனை கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரை மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி தொழிலாளர் சட்டத்துக்கு வருகிறேன். உண்மையான கோபம் எல்லாம் இதன் மேல்தான்.

எங்களுக்கு இதை விளக்கிச் சொன்னவர் ஒரு பெண் வக்கீல். அங்கே வக்கீலை "டொட்டோரா" என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். சி.எல்.டி. என்ற மூன்றெழுத்துச் சட்டத் தொகுப்பு, 1943 மே தினத்தன்று வந்தது. வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை. அதற்கு மேல் போனால் குறைந்தது ஒன்றரை மடங்கு கூலி. வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை, விடுமுறைக்குப் போகும்போது மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக. சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கம்பெனி தன் பணத்திலிருந்து தொழிலாளி பெயரில் நிதியில் போட வேண்டும். காரணமில்லாமல் நீக்கினால் அந்தத் தொகையில் 40 சதவீதம் அபராதமாக அவருக்கே தர வேண்டும். இன்று வேலை முடித்துப் போய் நாளைக்கு மறுபடி வேலைக்கு வருவதற்குள் பதினோரு மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1962லிருந்து பதிமூன்றாவது மாதச் சம்பளம். பாதியை நவம்பர் 30க்குள், மீதியை டிசம்பர் 20க்குள்.

ஆள் எடுக்கும் துறைக்காரர் இந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். "வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்தானே மேடம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 12ல் ஒரு பங்கு என்றால் 8.33 சதவீதம். என் வயதுக்காரர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. 1965ன் போனஸ் சட்டத்தில் குறைந்தபட்ச போனஸாக நமக்குக் கிடைத்த அதே 8.33! மில்லிலும் தொழிற்சாலையிலும் கொடி பிடித்து வாங்கியது. ஒரே வித்தியாசம், நம் சட்டத்தில் சம்பள உச்சவரம்பு வைத்தார்கள், அதைத் தாண்டியவருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. அங்கே வரம்பு இல்லை. கம்பெனித் தலைமை மேனேஜருக்கும் உண்டு, வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் உண்டு. நாம் தீபாவளிக்கு வீட்டு வேலைக்காரம்மாவுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கிறோமே, அதை அவர்கள் சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ராத்திரி வேலைக்கு ஒரு விசேஷம் சொன்னார் அந்த வக்கீல். இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை, சட்டப்படி ஒரு மணி என்பது 52 நிமிஷம் 30 விநாடி. அதாவது ஏழு மணி நேரம் கண்விழித்தால் எட்டு மணி நேரமாகக் கணக்கு. அதோடு 20 சதவீதம் கூடுதல் கூலி. நாற்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான், கடிகாரத்தையே தொழிலாளி பக்கம் சாய்த்து வைத்த சட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

சட்டப்படி எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஹோட்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பெனி கட்ட வேண்டிய சமூகக் காப்பீடு 20 சதவீதத்தையும் சேர்த்துத்தான். லாபம் நின்றது. சென்னையில் நிற்கும் அளவுக்கு இல்லை, ஆனால் நின்றது. பதினாறு பக்க அறிக்கையில் அதை எழுதியும் கொடுத்தேன்.

மேலிடம் வேறு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு புரோகிராமரையும் தன் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்யச் சொல்வது, மாதாமாதம் சம்பளத்துக்குப் பதில் அவர் நமக்குப் பில் போடுவது. விடுமுறை, நிதி, பதிமூன்றாம் சம்பளம் எதுவும் இல்லை. அங்கே பல கம்பெனிகள் செய்வதுதான். "காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் உத்தரவுப்படி, நீங்கள் சொன்ன நேரத்தில், அவரே நேரில் வந்து மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தால் நீதிமன்றம் அவரைத் தொழிலாளி என்றுதான் சொல்லும்" என்று வக்கீல் எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு இளைஞர். சென்னை மேனேஜர் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் வைத்தார். சென்னையில் பன்னிரண்டு என்றால் சாவோ பாலோவில் விடிகாலை மூன்றரை. அந்தப் பையன் மாலை ஆறு மணிவரை அங்கே வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருந்துவிட்டு, மூன்றரைக்கு எழுந்து போனில் உட்கார்வான். மூன்று வருஷம் உட்கார்ந்தான். பிறகு ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். அங்கே வேலை போன இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், ஐந்து வருஷத்துப் பாக்கிவரை கேட்கலாம். போட்டான். சாட்சி தேட வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. சென்னையிலிருந்து தினமும் போன மீட்டிங் அழைப்புகள், நேரத்தோடு, அவன் மெயில் பெட்டியில் இருந்தன. சமரசத்தில் முடித்தார்கள். அந்த வவுச்சர் என் மேசைக்குத்தான் வந்தது. அவன் விஷயத்தில் மூன்று வருஷமாக மிச்சம் பிடித்ததைவிடத் தொகை அதிகம். கொஞ்ச நாளில் அலுவலகத்தை மூடினார்கள். இயக்குநர் குழுவுக்குப் போன காரணம் ஒரே வரி: பிரேசிலின் தொழிலாளர் சட்டம்.

அந்தச் சட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொண்டுவந்த ஜெதூலியோ வர்காஸ் அப்போது சர்வாதிகாரி. 2017க்கு முன் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் தொழிலாளர் வழக்குகள் குவிந்தன. அந்த வருஷம் பல விதிகளைத் தளர்த்தினார்கள். இன்றும் அங்கே உழைப்பவர்களில் பத்தில் நாலு பேர் அளவுக்கு இந்தச் சட்டத்தின் நிழலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். சின்ன மளிகைக்கடைக்காரர் இந்தச் செலவைத் தாங்க முடியாமல் புலம்பினால் நான் காது கொடுத்துக் கேட்பேன். டாலரில் பில் போடும் கம்பெனி புலம்புவதைக் கேட்க முடியாது.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்றால், வாரத்துக்கு எழுபது மணி, தொண்ணூறு மணி என்று நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் (ஏலமும் போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல்தான்). இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் அந்த ஏலத்தில் நிற்கும் சரக்கு. நாம் ஐந்து மணிக்கு மணியடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நமக்குச் சங்கம் இருந்தது, போனஸ் இருந்தது. அவர்களுக்கு நம்மைவிடப் பத்து மடங்கு சம்பளம், ராத்திரி ஒரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு போன். அந்த ஒரு மணிக்கு அறுபது நிமிஷம்தான் கணக்கு, அதுவும் யாரும் எழுதிவைப்பதில்லை.

உங்கள் பிள்ளையோ மாப்பிள்ளையோ தென் அமெரிக்கப் பொறுப்பில் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். போர்த்துகீசியம் படிக்கக் கம்பெனியிடம் பணம் கேட்கட்டும். மீட்டிங்கைச் சென்னை நேரம் மாலை ஐந்தரைக்கு வைக்கட்டும். பிரேசிலில் 2019லேயே கோடை நேரத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் ஆண்டு முழுக்க ஒரே கணக்கு. அங்கே அப்போது காலை ஒன்பது மணி.