பாரசீகப் பஞ்சாங்கமும் பலியான தொழிலாளியும்

பஞ்சாங்கத்தை நாம் கண்டிக்கும்போதெல்லாம், "அப்படியானால் கிரகணக் கணக்கும் பொய்யா?" என்று சில பண்டிதர்கள் கேட்கின்றார்கள். கணக்கு வேறு, புரட்டு வேறு என்பதற்குப் பாரசீக நாட்டின் பழைய கையெழுத்துப் பஞ்சாங்கங்களே போதுமான அத்தாட்சியாகும். அந்நாட்டார் இதற்குத் 'தக்வீம்' என்று பெயர் சொல்லுவார்கள். சூரியன், சந்திரன், மற்ற கிரகங்கள் நிற்குமிடத்தைத் தினவாரியாய்க் கட்டம் போட்டுக் காட்டிவிட்டு, அதே ஏட்டில் எந்த நாளில் பிரயாணம் போகலாம், எந்த நாளில் புதுத்துணி வெட்டலாம் என்றும் எழுதி வைப்பார்கள். முன்னதற்கு உழைப்பு வேண்டும். பின்னதற்குக் கேட்பவனுடைய பயம் ஒன்றே போதும்.

பழைய பாரசீக வருஷத்துக்கு 365 நாள். மிச்சமுள்ள சுமார் கால் நாளைச் சேர்க்காமல் விட்டதால், நான்கு வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நவ்ரோஸ் என்னும் வருஷப் பிறப்பு பருவத்தைவிட்டு முன்னே நகர்ந்துகொண்டே வந்தது. இதனால் நஷ்டம் யாருக்கு? நிலவரி வசூல் நவ்ரோஸை ஒட்டி நடந்தபடியால், கதிர் பச்சையாய் நிற்கும்போதே சர்க்கார் ஆள் குடியானவன் வாசலில் வந்து நின்றான். பாக்தாத் கலீபா முஃததித் 895-ல் அந்நாளை ஜூன் 11-க்குத் தள்ளி வைத்தார். பிறகு செல்ஜுக் அரசர் மாலிக் ஷா காலத்தில் உமர் கய்யாம் முதலிய கணக்கர்கள் கூடி, பகலும் இரவும் சமமாகும் நாளையே வருஷப் பிறப்பாக்கினார்கள். அது தொடங்கியது அக்காலத்து ஜூலியன் கணக்குப்படி 1079 மார்ச்சு 15. எந்தத் தேவதையும் வந்து காதில் ஓதவில்லை. வானத்தைப் பார்த்து அளந்து கண்டதுதான். இந்தக் கய்யாமுக்கு ஜோசியத்தில் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தாம் கண்டதில்லை என்று அவரை நேரில் அறிந்த நிஜாமி அரூசி எழுதியிருக்கின்றார். கணக்குத் தெரிந்தவர் நம்பவில்லை. தெரியாத அரசர்களோ நம்பினார்கள்.

அதன் விலை என்ன? 1593-ல் ஒரு வால்நட்சத்திரம் தோன்றிற்று. அரசருக்கு ஆபத்து என்றார் அரண்மனை ஜோசியர் ஜலால். உடனே ஷா அப்பாஸ் சிங்காதனத்தைவிட்டு இறங்கி, மதவிரோதி என்று பிடிபட்டிருந்த யூசுபி என்கிற அம்பறாத்தூணி தைக்கும் தொழிலாளியை மூன்று நாள் அரசனாக உட்காரவைத்து, பிறகு கொன்றுவிட்டுத் தாம் திரும்ப ஏறிக்கொண்டார்! நாம் கேட்கின்றோம்: நட்சத்திரத்தை இவ்வளவு சுலபமாய் ஏமாற்ற முடியுமானால் அதற்கு ஏன் பயப்பட வேண்டும்? ஏமாற்ற முடியாதென்றால் யூசுபியை ஏன் கொல்ல வேண்டும்? அரசர் செத்திருந்தால் ஜோசியம் பலித்தது. பிழைத்தால் பரிகாரம் பலித்தது. எப்படியும் ஜோசியருக்குத் தோல்வியில்லை.

அதே வம்சத்தில் 1666-ல் முடிசூடிய வேறொரு அரசருக்கு நோயும் நாட்டுக்குப் பஞ்சமும் வரவே, முகூர்த்தம் தப்பு என்று 1668-ல் சுலைமான் எனப் பெயரை மாற்றி மறுபடி முடிசூட்டினார்கள். முகூர்த்தத்தை மாற்றினால் கோதுமை விளையுமா தோழர்களே?

ஷா அப்பாஸ் 1629 வரை உயிரோடிருந்தார். ஜலாலுடைய உத்தியோகமும் போகவில்லை. அந்த அரசருடைய சரித்திரத்தையும் அவரே எழுதினார்.