மட்டை யார் கையில்?

‘விளையாட்டில் பெரிது கருவியா, வீரனின் திறமையா?’ செண்பகனூரில் நம் மாணவத் தோழர்கள் வைத்த விவாதத் தலைப்பு இது. திறமைக் கட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம். ‘கெட்டிக்காரனுக்கு வெளக்குமாத்துக் குச்சி போதும்யா’ என்று ஒரு தம்பி போட்ட போட்டில் கூரையே அதிர்ந்தது. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் ‘திறமை’ என்ற சொல் எந்தக் கடையில் விற்ற சரக்கு? 1990இல் மண்டல் பரிந்துரையை அமலாக்குவதாக அறிவிப்பு வந்ததும் ‘தகுதி போச்சு, திறமை போச்சு’ என்று வடநாட்டுத் தெருக்களில் உருண்டு புரண்டவர்கள் யார்? அவர்கள் வாயிலிருந்த சொல்லை நாம் கழுவாமல் எடுத்துக்கொள்ளலாமா?

கருவிக்கும் திறமைக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது. கொடுக்கிற அல்லது கொடுக்காமல் வைத்துக்கொள்கிற கை. தலைப்பு அதை மறைத்துவிடுகிறது. வெள்ளைக்காரன் 1895இல் நம் கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் வைத்தான். அந்த ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள்: கட்டைப் பையைச் சுமக்கிறவன் ஒருவன், அடிக்கிறவன் இன்னொருவன்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். பல்வங்கர் பாலு தோல் தொழில் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பராமரிக்கிற கூலியாள். அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி வீசியே பெரிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். பந்து அவர் கைக்குக் கிடைத்தது, அது வேலை என்பதால். மட்டை கிடைக்கவில்லை. அது துரைமாருடைய சுகம்.

பிறகு இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஜெயிக்க வேண்டுமே! அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில். பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எப்படி வந்தது? அந்தப் பந்தின் தோலை உரித்தது யார், பதப்படுத்தியது யார், தைத்தது யார்?

1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு 114 விக்கெட் எடுத்தார். இதற்கு மேல் திறமைக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் இந்து அணித் தலைமை அவருக்கு வரவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல் வந்தது, அதுவும் சண்டை போட்ட பிறகு. (1937 தேர்தலில் காங்கிரஸ் இதே பாலுவை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அண்ணல் வென்றார். ஒரு மனுசனையே கருவியாக்கும் வித்தை தனியாக எழுத வேண்டியது.)

வெறுங்காலைப் புகழ்கிறவர்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் வென்றதைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். 1964 டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டு ஓடி, ரோமைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்து மறுபடி வென்றதைச் சொல்ல மாட்டார்கள். 1952 ஹெல்சிங்கியில் இந்தியக் கால்பந்து அணியில் பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்டதையும் சொல்ல மாட்டார்கள். நம் பிள்ளையின் வெறுங்காலைப் போற்றுகிறவர் தன் பிள்ளைக்கு ஷூ வாங்கத்தான் கடைக்குப் போகிறார்.

நான் வங்கியில் உட்கார்ந்திருப்பவன். கடன் கேட்டு வருகிறவரிடம் ‘என்ன தெரியும்?’ என்பதற்கு முன்னால் ‘என்ன வெச்சிருக்கீங்க?’ என்றுதான் எங்கள் காகிதம் கேட்கிறது. கையில் இருப்பவனுக்கே மேலும் கை நீளும். விளையாட்டு மைதானம் இதற்கு விதிவிலக்கா?

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்தில் பட்டிமன்றம் வேண்டாம். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் போங்கள். விளையாட்டுச் சாமான் இருப்புப் பதிவேட்டில் எத்தனை பந்து, எத்தனை மட்டை, எத்தனை ஜோடி ஷூ, அறைச் சாவி யாரிடம், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். மனு எழுதத் தடுமாறுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். வருகிற பதில்களை, ‘இல்லை’ என்ற பதிலையும் சேர்த்து, அப்படியே அடுத்த இதழில் போடுகிறோம்.