இல்லை என்று சொல்லும் கிருபை



சொந்த ஊரையும் இனத்தாரையும் விட்டு ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறிய நம்மவர்களுக்குச் சபையாரும் அண்டையிலுள்ள தமிழ்க் குடும்பத்தாருமே உறவினர். அவர்கள் மனம் நோகுமோ என்று பயந்து, மனச்சாட்சி ஒப்பாத காரியங்களுக்கும் “ஆகட்டும்” என்று சொல்லிவிடுகிறோம். நல்லவர் என்ற பெயர் வெளியே நிலைக்கிறது. சமாதானமோ வீட்டை விட்டுப் போய்விடுகிறது.

வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். “பேருக்குத்தான் கையெழுத்து” என்பார்கள். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. தவணை தவறினால் வங்கி நேரே உங்களிடமே பணத்தைக் கேட்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்தது அதிலே கரைந்துபோகலாம். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில், பிணைப்பட்டவன் தாமதியாமல் தன்னை விடுவித்துக்கொள்ளவேண்டும் என்ற எச்சரிப்பைக் காண்கிறோம்.

இந்தப் பலவீனத்தின் வேர் எங்கே இருக்கிறது? 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் சவுல், தான் ஜனங்களுக்குப் பயந்து கீழ்ப்படியாமற்போனதை அறிக்கையிட்டான். ஆயினும் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலைக் கெஞ்சினான். பாவத்தை ஒத்துக்கொண்டவன், மனுஷரால் வரும் கனத்தின்மேலுள்ள ஆசையை விடவில்லை. நாமும் அன்பு என்று பெயரிடுகிறோம். பலமுறை நாம் காப்பது நம்முடைய பெயரையே.

நமது நகரத்தவர் ஒருவரைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டத்தை வென்ற புல்லேலா கோபிசந்தைக் குளிர்பான விளம்பரம் தேடி வந்தது. தாம் அருந்தாததும் உடல்நலத்திற்கு உகந்ததல்ல என்று கருதியதுமான பானத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்க அவர் மறுத்துவிட்டார். பின்பு பயிற்சிக்கூடம் கட்டப் பணம் போதாமல் வீட்டையே அடமானம் வைத்தார். அது 2008இல் கச்சிபௌலியில் திறக்கப்பட்டது. அவரிடம் பயின்ற சாய்னா நேவால் 2012 ஒலிம்பிக்கில் வெண்கலமும், பி.வி. சிந்து 2016இல் வெள்ளியும் பெற்றார்கள். எதற்கு “ஆம்” என்று சொல்லவேண்டும் என்பதை அறிந்தவருக்கே “இல்லை” என்று சொல்லத் துணிவு வருகிறது.

நம்முடைய ஆண்டவரும் அப்படியே செய்தார். மாற்கு 1ஆம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் எல்லாரும் அவரைத் தேடினார்கள். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போகப் புறப்பட்டார். அவருக்கு அவர்கள்மேல் அன்பில்லாமல் அல்ல. அதிகாலையில் வனாந்தரமான இடத்தில் பிதாவினிடத்தில் ஜெபித்தவர், தாம் வந்த நோக்கத்தை அறிந்திருந்தார்.

ஆகையால், யாராவது உங்களிடம் பெரிய காரியம் ஒன்றைக் கேட்டால், அன்றே பதில் சொல்லாதிருங்கள். ஜெபியுங்கள்; உங்கள் துணையோடு கலந்து பேசுங்கள். கூடாதென்று கண்டால் பொய்க் காரணம் தேடாமல், “என்னால் இயலாது” என்று தாழ்மையாய்ச் சொல்லுங்கள். கொடுக்கக்கூடிய சிறு உதவி உண்டானால் அதை மனமுவந்து கொடுங்கள். சிலர் முகம் வாடலாம். ஒருவர் சில வாரம் பேசாமலும் இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தினால் மட்டும் நிலைக்கும் உறவு, முதல் தவணை தவறும் நாளில் எப்படியும் முறிந்துபோகும்.

மனுஷருக்குப் பயப்படும் பயத்தினின்று கர்த்தர்தாமே உங்களை விடுதலையாக்கி, உங்கள் வீடுகளைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.