டர்போ மோகம்

‘நல்ல கார்தான். ஒரு டர்போ மட்டும் இருந்தா எங்கேயோ போயிடும்!’ 2012-ல் டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக 86 என்கிற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கிய நாளிலிருந்து உலகம் பூரா இதே பல்லவி. அந்தக் கோஷ்டியில் நீங்களும் ஒருவரா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

டர்போ என்ன செய்கிறது? சைலன்ஸர் வழியாக வீணாய்ப் போகும் புகையை மறித்து, ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றெல்லாம் சர்வசாதாரணம். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், சக்தியும் கூடும். சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரெட் ப்யூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கிய சமாசாரம். அருமையான யோசனை. அதில் எனக்குத் தகராறு இல்லை. ‘சும்மா கொண்டாந்து மாட்டிடலாம்’ என்கிறீர்களே, அங்கேதான் தகராறு!

சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்ப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். 86-ன் இன்ஜின், டர்போ இல்லாமலேயே, உள்ளே வருவதைப் பன்னிரண்டரையில் ஒரு பங்காக நசுக்குகிறது. இதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ 12.5. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற ஆசாமி அவன். அவனுக்குள் இன்னும் சூடான காற்றைத் திணித்தால், ஸ்பார்க் ப்ளக் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக் பாஷையில் ‘நாக்கிங்’. பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி. எத்தனை அடிதான் தாங்கும்?

தயாரிப்பாளர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். போர்ஷே 1975-ல் 911 டர்போவைக் கொண்டுவந்தபோது கம்ப்ரஷனை 6.5-க்கு இறக்கினார்கள். அதிக இழுவையைத் தாங்க வலுவான நாலு கியர் பாக்ஸ் போட்டார்கள். 1978-ல் சக்தியை இன்னும் கூட்டியபோது 917 பந்தயக் காரின் வழிவந்த பிரேக்கை வைத்தார்கள். அத்தனை தூரம் ஏன்? 86-ல் இருப்பதே சுபாரு குடும்பத்து இன்ஜின். அதே குடும்பத்தில் டர்போ வைத்த அண்ணன் தம்பிக்கு சுபாரு கொடுத்த கம்ப்ரஷன் 10.6. இவர்களெல்லாம் வேலை இல்லாமலா மாற்றினார்கள்?

‘நாலாயிரம் சுற்றில் இழுவை படுத்துடுதே சார்’ என்பீர்கள். நியாயமான புகார். அதற்கு டொயோட்டா 2021-ல் பதில் சொல்லிவிட்டது. அடுத்த தலைமுறை 86-ல் இரண்டு லிட்டர் இன்ஜினை 2.4 லிட்டராக்கினார்கள். 200 குதிரை 235 ஆனது. முழு இழுவையும் 3,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. டர்போ? மூச்சு விடவில்லை. காலை அழுத்திய கணமே பதில் சொல்லும் இன்ஜின், எடை குறைந்த உடம்பு, வேண்டுமென்றே போட்ட ஒல்லி டயர்... இதுதான் அந்தக் காரின் ருசியே.

இல்லை, மாட்டியே தீருவேன் என்றால் தாராளமாக மாட்டுங்கள். கூடவே கம்ப்ரஷன் குறைந்த, உறுதியான பிஸ்டன், கனெக்டிங் ராட், பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், ஆயில் கூலர், கனமான க்ளட்ச், பிரேக், டயர், எல்லாவற்றுக்கும் மேலே கம்ப்யூட்டரைத் திருத்தத் தெரிந்த ஓர் ஆள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. மொத்தத்தையும் ஒரு காகிதத்தில் கூட்டுங்கள். தொழிற்சாலையிலேயே டர்போ வைத்து, சோதித்து, வாரன்ட்டியோடு விற்கிற கார் பக்கத்து ஷோரூமில் என்ன விலை என்றும் விசாரியுங்கள்.

அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கை நல்ல டயருக்கும், பந்தயத் தளத்தில் சில நாள் பயிற்சிக்கும் செலவழித்தாலே வேகம் கூடும், உயிரும் மிஞ்சும். ஆனால், அதை நண்பர்களிடம் பானெட்டைத் திறந்து காட்ட முடியாது. உங்கள் கஷ்டம் புரிகிறது!

கடைசியாக ஒரு வேண்டுகோள். டர்போவை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள், எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று பக்கத்து ஸீட்டில் உட்காரப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏறுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.