ஐந்தாம் ஆண்டிலும் ஆட ஆள் இருக்குமா?

சீனாவின் ஹாங்ஜோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ ஆட்டத்துக்கான தங்கத்தை வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. வீடியோ கேம் என்றாலே பள்ளிக்கூடப் பையன்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. இன்னொரு விநோதமும் உண்டு. போட்டிக்கு மூன்று மாதம் முன்பே ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பதக்கம் பழைய பதிப்புக்குத்தான்; அதை ஆட இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். 1987-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் தொடங்கிவைத்த பெயருக்கு இப்படி ஒரு ஆயுள். நேற்றுப் பிறந்த ஒரு சண்டை ஆட்டத்துக்கு அந்த ஆயுள் வாய்க்குமா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பியிருப்பது, ரையட் கேம்ஸ் நிறுவனத்தின் ‘2எக்ஸ்கேஓ’. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆட்டத்தின் பாத்திரங்களை இரண்டுக்கு இரண்டு என்று மோதவிடும் இலவச ஆட்டம் இது. இதன் பின்னால் இருப்பவர்கள் சாமானியர்கள் அல்லர். டாம் கேனன், டோனி கேனன் என்ற அமெரிக்க இரட்டையர்கள், உலகின் மிகப் பெரிய சண்டை ஆட்டத் திருவிழாவான ‘ஈவோ’வைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். ரோபோக்கள் மோதும் ‘ரைசிங் தண்டர்’ என்ற ஆட்டத்தை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 2016-இல் அவர்களுடைய நிறுவனத்தையே ரையட் விலைக்கு வாங்கியது. புதிய ஆட்டம் பற்றிய அறிவிப்பு 2019-இல் வந்தது. கணினியில் ஆட்டம் திறக்க 2025 அக்டோபர் ஆயிற்று. கன்சோல்களுக்கு 2026 ஜனவரியில் வந்தது. அடுத்த மாதமே, எதிர்பார்த்த அளவுக்கு வேகம் இல்லை என்று சொல்லி, அதை உருவாக்கும் அணியை ரையட் பெருமளவு குறைத்துவிட்டது.

திறமை, பணம், ஊரறிந்த பாத்திரங்கள், ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு. இவ்வளவும் இருந்தும் முதல் சில மாதங்களிலேயே தடுமாற்றம் என்றால், குறை ஆட்டத்தில் மட்டும் இருக்க முடியாது. கணக்குப் பார்க்கும் முறையிலும் இருக்கிறது.

வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘மல்டிவெர்சஸ்’ கதையைப் பாருங்கள். பேட்மேனும் பக்ஸ் பன்னியும் ஷாகியும் ஒருவரையொருவர் வெளுத்துக்கொள்ளும் இலவச ஆட்டம் அது. 2022 ஜூலையில் சோதனைப் பதிப்பு திறந்த சில வாரங்களில் 2 கோடிப் பேர் இறங்கிப் பார்த்தார்கள். சண்டை ஆட்ட உலகம் கண்டிராத கூட்டம். 2023 ஜூனில் சீர்செய்வதற்கென்று இழுத்து மூடி, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2024 மே மாதம் மறுபடி திறந்தார்கள். ஜூலையில் அதை உருவாக்கிய ஸ்டூடியோவையே வார்னர் வாங்கியது. மறு பிப்ரவரியில் அந்த ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. 2025 மே 30-ஆம் தேதி சர்வர்களும் அணைந்தன. முதல் நாளிலிருந்து கணக்கிட்டாலும் மூன்று ஆண்டு நிறையவில்லை.

இதற்கு நேரெதிர் ‘கில்டி கியர்’. டைசுகே இஷிவதாரி என்ற இளைஞரின் ராக் இசைப் பித்திலிருந்து பிறந்து, 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஆட்டம். ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம் அதை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தது. விற்பனை எப்போதும் சுமார்தான். ரசிகர்கள் சிலராக இருந்தாலும் வெறியர்கள். 2021 ஜூனில் ‘கில்டி கியர் ஸ்ட்ரைவ்’ வந்ததும், சில வாரங்களில் 5 லட்சம் படிகள் கைமாறின. அந்தத் தொடருக்கு அது பெரிய பாய்ச்சல். பிறந்த 23-ஆம் ஆண்டில்தான் அதற்குப் பொதுக் கூட்டம் கிடைத்தது என்று சொல்லலாம். 2 கோடியில் தொடங்கியது மறைந்துவிட்டது. ஆயிரங்களில் தொடங்கியது நிற்கிறது. பெருநிறுவனக் கணக்கப்பிள்ளைகள் இதைச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம்.

கேப்காமுக்கும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ 2016 பிப்ரவரியில் வெளிவந்தபோது, தனியாக உட்கார்ந்து ஆடுவதற்கான ஆர்கேட் பகுதிகூட அதில் இல்லை. பாதி வெந்த சோற்றை இலையில் போட்டுவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மார்ச்சுக்குள் 20 லட்சம் விற்கும் என்று போட்ட கணக்கு, 14 லட்சத்தில் நின்றது. இன்றைய வழக்கப்படி அங்கேயே கடையைக் கட்டியிருக்க வேண்டும். கேப்காம் கட்டவில்லை. 2018 ஜனவரியில் ஆர்கேட் பகுதியைச் சேர்த்தது. 2021 இறுதிவரை புதுப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டம் கடைசியில் 70 லட்சத்தைத் தாண்டியது. தவறுகளிலிருந்து கற்றதையெல்லாம் கொட்டிச் செய்த ஆறாம் பாகம், முதல் நாளிலிருந்தே வரவேற்புப் பெற்றது. தோற்ற ஆட்டத்தை ஆறு ஆண்டு சோறுபோட்டு வளர்த்த அந்தப் பொறுமைக்குத்தான் இந்தத் துறையில் பஞ்சம்.

சரி, பொறுமை மட்டும் போதுமா? போதாது. சண்டை ஆட்டத்துக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒரு வகையினர் வாங்குவார்கள், கதையை முடிப்பார்கள், நண்பர்களோடு நாலு வாரயிறுதி ஆடுவார்கள், வைத்துவிடுவார்கள். பணத்தின் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வருகிறது. இன்னொரு வகையினர் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஆனால் ஐந்து வருஷம் ஒரே பாத்திரத்தோடு குடும்பம் நடத்துவார்கள், போட்டிக்கு ஊர் ஊராகப் போவார்கள். பெயரைக் காப்பாற்றுவது இவர்கள்.

முதல் வகையினரை ‘மோர்ட்டல் காம்பட்’ அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் இல்லை. 1992-இல் அந்தத் தொடரைத் தொடங்கிய மிட்வே நிறுவனம் 2009-இல் திவாலாகிவிட்டது. பெயரை வாங்கிய வார்னர், எட் பூனின் குழுவையே வைத்து 2011-இல் மறுபடி தொடங்கியது. சினிமாபோல ஓடும் கதைப் பகுதி அதன் சிறப்பு. 2019-இல் வந்த ‘மோர்ட்டல் காம்பட் 11’ ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் பலர் ஆன்லைன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் என்ன? அடுத்த பாகத்துக்கான செலவை அவர்கள்தானே கட்டினார்கள்.

ரையட்டின் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் ‘ஆர்கேன்’ தொடர் நெட்ஃபிளிக்ஸில் 2021-இல் வந்து எம்மி விருதுவரை போயிற்று. வை, ஜிங்ஸ், எக்கோ என்ற பெயர்களை, லீக் ஆஃப் லெஜண்ட்ஸைத் தொட்டே பார்க்காத லட்சக்கணக்கானோருக்கு அறிமுகம் செய்தது அது. அந்த மூவரும் 2எக்ஸ்கேஓவிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தேடி வருகிறவருக்கு அங்கே கதை இல்லை. தொடர் பார்த்துவிட்டு ஆசையாக வந்தவரை நேரே சண்டைக் களத்தில் இறக்கிவிட்டு, ‘அடி வாங்கிக் கற்றுக்கொள்’ என்கிறது ஆட்டம். கையில் இருந்த பெரிய துருப்புச் சீட்டை இறக்காமலே ஆடியிருக்கிறார்கள்.

அடி வாங்குவது என்பதும் சாதாரண விஷயமில்லை. ஐந்து பேர் அணியாக ஆடும் கேமில் தோற்றால், பழியைப் போட நாலு பேர் இருக்கிறார்கள். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் அந்த வசதி கிடையாது. இருபது ஆட்டம் தொடர்ந்து தோற்கிற புதியவர் இருபத்தொன்றாவதுக்கு இருக்க வேண்டுமானால், தோல்வியிலும் ஏதாவது சுவை வேண்டும். நம் ஊர்களில் பிளேஸ்டேஷனை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகளில் ‘டெக்கன் 3’ கொடிகட்டிப் பறந்ததற்கு ஒரு காரணம் எடி கோர்டோ. கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களை அமுக்கினாலும், அந்தப் பிரேசில்காரன் காலைச் சுழற்றிச் சுழற்றி அழகாக உதைப்பான். தோற்றவனுக்கும் தான் ஏதோ செய்ததுபோல் இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எடியை எடுப்பவனைத் திட்டுவார்கள்; ஆனால் அடுத்த நாளும் அவனைக் கடைக்கு வரவைத்தது எடிதான். 2எக்ஸ்கேஓவும் இதை யோசித்திருக்கிறது: ஜாய்ஸ்டிக்கை அரைவட்டம் சுற்றும் பழைய வித்தைகளை விட்டுவிட்டது; ஒரே அணியின் இரண்டு பாத்திரங்களை இரண்டு நண்பர்கள் பகிர்ந்து ஆடலாம் என்றும் வைத்திருக்கிறது. நல்ல யோசனை. பழியைப் போட ஒரு ஆளாவது கிடைக்கிறார்.

2எக்ஸ்கேஓவின் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை. 2006-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இணையத்தில் ஆடக் கிடைத்தபோது, பட்டனை அமுக்கியதற்கும் அடி விழுவதற்கும் இடையிலிருந்த தாமதம் டோனி கேனனுக்குப் பொறுக்கவில்லை. எதிராளியின் அடுத்த அசைவை இயந்திரமே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் பிழைத்தால் சில நொடித்துளி பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். இப்படி ஒரு முறையை அவர் எழுதினார். ‘ரோல்பேக்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த முறை, நொடிக்கு 60 படம் ஓடுகிற ஆட்டத்தில் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது. ‘கிரான்புளூ ஃபேன்டசி வெர்சஸ்’ அது இல்லாமல் 2020 பிப்ரவரியில் வந்தது. அடுத்த மாதம் கொரோனா உலகத்தை வீட்டுக்குள் பூட்டியது. நேரில் ஆட வழியில்லை, ஆன்லைனிலோ இழுவை. ரோல்பேக்கோடு 2023 டிசம்பரில் அது மறுபிறவி எடுக்க வேண்டியிருந்தது. எட்டே பாத்திரங்களோடு 2012-இல் வந்த ‘ஸ்கல்கேர்ல்ஸ்’ கேனனின் முறையைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தது. அதை வளர்த்துவந்த ஸ்டூடியோ 2020-இல் சிதறிய பிறகும், 2022 ஈவோவின் முக்கியப் போட்டிகளில் அதற்கு இடம் கிடைத்தது.

ஆனால் ரோல்பேக்காலும் இல்லாத எதிராளியை உண்டாக்க முடியாது. ஆட்டக்காரர்கள் குறைந்தால், சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவருக்குத் தொலைதேசத்து ஆளோடு மோதல் அமையும், அல்லது அமையவே அமையாது. அதனால்தான் இந்த வகை ஆட்டங்களின் வேர் கடைசியில் ஊரில் இருக்கிறது. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர், 2019-இல் ஜப்பானில் நடந்த ஈவோவையும் அமெரிக்காவில் நடந்த ஈவோவையும் டெக்கன் 7-இல் வெல்வதற்கு முன், உலகம் அவரை யாரென்றே அறிந்திருக்கவில்லை. ‘நீ’ என்ற பெயரில் ஆடும் கொரிய ஜாம்பவான் பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்தார். அங்கே அவரைத் தோற்கடிக்க அர்ஸ்லானைத் தவிர வேறு ஆட்களும் இருந்தார்கள். நிறுவனம் விளம்பரம் செய்து உண்டாக்கிய களம் அல்ல அது. ஆர்கேட் கடைகளில் பல ஆண்டுகளாகத் தானே வளர்ந்தது. அதற்கு டெக்கன் என்ற பெயர் 1994-லிருந்து தொடர்ந்து கண்முன் இருந்தது.

மார்வெல் பாத்திரங்களை வைத்து ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் உருவாக்கும் ‘மார்வெல் டோக்கான்’ பற்றியும் இப்போது ஏக எதிர்பார்ப்பு. இரவல் பாத்திரங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. கேப்காமின் ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம்’ பழைய ஆட்டங்கள், உரிமம் முடிந்ததால் 2013-இல் இணையக் கடைகளிலிருந்தே காணாமல் போயின. சில ஆண்டுகள் புதிதாக வாங்க வழியில்லை. அந்தச் சிக்கல் ரையட்டுக்கு இல்லை. பாத்திரங்கள் அதன் சொந்தச் சொத்து.

ஆகவே 2எக்ஸ்கேஓ இன்னொரு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆகுமா? இன்று நடத்தப்படும் விதத்தில் ஆகாது. இலவசமாகத் திறந்துவிட்டு, முதல் மாதக் கூட்டத்தை நம்பிப் பெரிய அணியைக் கட்டியதே தவறு. அணி சிறுத்தது அதன் விளைவு. ஆனால் சிறிய அணி என்பது சாவு ஓலை அல்ல. கில்டி கியர் வாழ்ந்தது அப்படித்தான். ரையட்டிடம் பணத்துக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு நாலைந்து புதுப் பாத்திரங்கள், ஆர்கேன் ரசிகர்களுக்கு ஒரு கதைப் பகுதி, ஊர்ப் போட்டிகளுக்குக் கொஞ்சம் பரிசுப் பணம் என்று 2030 வரை ஓட்டுவதாக அது வெளிப்படையாகச் சொன்னால், ஆட்டக்காரர்கள் நம்பி நேரத்தைப் போடுவார்கள். அந்த வாக்குறுதியை ரையட் தர வேண்டும். தராவிட்டால், ஆட்டம் எத்தனை நன்றாக இருந்தாலும் இரண்டாம் பாகம் வராது.